தந்தி ஆபீஸ் குமாஸ்தாவும் நாற்பது பங்குகளும்

2020 செப்டம்பர். கொரோனா அடங்காத நேரம். பேத்தி வந்து, "தாத்தா, ரூட் மொபைல்னு ஒரு ஐ.பி.ஓ. வருது. உங்க பேர்ல ஒரு லாட் போடலாமா?" என்றாள். ஒரு லாட் என்றால் 40 பங்கு. பங்கு 350 வீதம் 14,000 ரூபாய்.

தொகை பெரிதல்ல. ஆனால் எங்கள் வீட்டில் முதலீடு என்ற சொல்லுக்கு ஒரு பழைய கதை உண்டு. 2010-ல் ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் ஒன்றரை லட்சத்தை மனைவிக்குச் சொல்லாமல் ஈரோட்டுப் பக்கம் ஓர் ஈமு கோழிப் பண்ணையில் போட்டேன். 2012-ல் அந்தத் தொழிலே என்ன ஆயிற்று என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டு, "நல்ல வேளைங்க, நம்ம பணம் இதுல இல்லை" என்றாள் அவள். அப்புறம்தான் வாயைத் திறந்தேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஆகவே இம்முறை முதலில் அவளிடம்தான் போனேன். அவள் கேட்டது ஒரே கேள்வி: "ஏனுங்க, அந்தக் கம்பெனி என்னத்தைங்க விக்குது?"

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிழைக்க வந்தது கோவைத் தந்தி ஆபீசுக்கு. வார்த்தை எண்ணிக் காசு வாங்குவதுதான் அங்கே தொழில். ஒரு வார்த்தையை மிச்சம் பிடிக்கப் பஞ்சு வியாபாரிகள் கவுன்ட்டரில் நின்று படும் பாடு இருக்கிறதே! 2013 ஜூலையில் தந்தியையே மூடிவிட்டார்கள்.

"பழைய தந்திதான்" என்றேன். "பேங்க் உனக்கு ஓ.டி.பி. அனுப்புது. உனக்கு இலவசம், பேங்க் காசு கட்டுது. ஒவ்வொரு டெலிகாம் கம்பெனியோடும் தனித்தனியா மாரடிக்க பேங்குக்கு நேரம் ஏது? நடுவுல இவங்க மொத்தமா பேசி வாங்கி விக்கறாங்க. நூறு ரூபாய் வந்தா ஏறக்குறைய எண்பது டெலிகாமுக்கே போயிடும். மிச்சத்துலதான் சம்பளமும் லாபமும்."

அவள் கவுந்தப்பாடிப் பக்கத்துக்காரி. "எங்கப்பா சர்க்கரை மூட்டை கொண்டு போவாரே, அந்த மண்டி மாதிரிங்களா?"

"அதேதான்."

"அப்பப் போடுங்க."

பல மடங்கு விண்ணப்பம் குவிந்தும் எங்களுக்கு 40 பங்கு விழுந்தது. செப்டம்பர் 21-ல் 700-க்கு மேல் தொடங்கியது. விற்கச் சொன்னாள் பேத்தி. நான் கேட்கவில்லை.

மறு வருஷம் மார்ச் 8. தடுப்பூசிக்குப் பதிவு செய்ய உட்கார்ந்தேன். ஓ.டி.பி. வரவேயில்லை. நாடு முழுக்க அதே கதை. நிறுவனங்கள் தங்கள் பெயரையும் செய்தியின் வாசகத்தையும் முன்பே பதிய வேண்டும், பொருந்தாத செய்தியை வடிகட்டிவிட வேண்டும் என்ற டிராயின் விதி அன்றுதான் அமலுக்கு வந்ததாம். நிறையப் பேர் சரியாகப் பதியவில்லை. மறுநாளே விதியை ஒரு வாரம் நிறுத்தி வைத்தார்கள். போலிச் செய்தியைத் தடுக்க நல்ல விதிதான். ஆனால் ஓர் அரசு உத்தரவில் மண்டி ஒரு நாள் படுத்துவிடும் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

2023 ஜூலையில் பெல்ஜியத்தின் ப்ராக்ஸிமஸ் இந்தக் கம்பெனியை வாங்குவதாக அறிவித்தது. பங்குக்கு 1,626 ரூபாய் 40 பைசா. நம்மைப் போன்ற சில்லறைப் பங்குதாரர்களுக்கும் அதே விலையில் ஓபன் ஆஃபர். பிரஸ்ஸெல்ஸ் அறிவிப்பைப் பிரெஞ்சிலேயே, அகராதி இல்லாமல் படித்தேன். எழுபது வயதுக்கு மேல் பள்ளிக்கூடப் படிப்பு உதவியதில் தலைகால் புரியவில்லை. அதிலும் ப்ராக்ஸிமஸில் பாதிக்கு மேல் பெல்ஜிய அரசின் பங்கு. அரசாங்கச் சோறு தின்றவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? எல்லாவற்றையும் வைத்துக்கொள்வோம் என்றேன்.

"பாதியாவது குடுத்துருங்க" என்றாள் அவள். "மண்டி கைமாறுனா கணக்குப்பிள்ளையும் மாறுவானுங்க."

2024-ல் 20 பங்கைக் கொடுத்தோம். 32,528 ரூபாய் வந்தது. அவள் கையிலேயே கொடுத்தேன். மீதி 20 என் பிரெஞ்சுப் பெருமைக்கு. 2025-ல் அது ஆயிரத்துக்கும் கீழே போய்விட்டது.

அவள் ஒன்றும் சொல்வதில்லை. போனில் ஓ.டி.பி. வந்தால் மட்டும் என் பக்கம் திரும்பி, "இதுல உங்களுக்கு எத்தனை பைசாங்க?" என்கிறாள்.