நடந்து போன செடியும் அம்மாவின் கட்டிலும்

ஆறு கால் வச்ச ஒரு ரோபோ. அதோட தலைமேல சின்னதா ஒரு சதைப்பற்றுச் செடி. வெயில் விழுற இடத்தைத் தேடி அது குடுகுடுன்னு நடந்து போகுது. உங்கள்ல சில பேர் இந்த வீடியோவைப் பார்த்திருப்பீங்க.

நேத்து ராஜபாளையம் கிளினிக்குல ஒரு காலேஜ் தம்பி காய்ச்சலோட வந்தான். மாத்திரை எழுதிட்டு இருக்கும்போது போனை நீட்டி, "டாக்டர், இது நெசமா, கிராபிக்ஸா?"ன்னு கேட்டான். நெசம்தான்ப்பான்னு சொல்லி அனுப்பிட்டேன். வெளியே இருபது பேர் காத்திருக்கும்போது வேற என்ன சொல்ல?

ஆனா இந்தச் செடி ரோபோ விஷயத்துல எனக்குச் சொந்தமா ஒரு பாக்கி இருக்கு. அதைத்தான் இந்த இழையில எழுதுறேன். கொஞ்சம் நீளம். பொறுமையா வாசிங்க.

முதல்ல அந்தத் தம்பி காட்டின ரோபோ. பேரு ஹெக்சா. சீனாவின் வின்கிராஸ் நிறுவனத்தைத் தொடங்கிய சுன் தியான்ச்சி செஞ்சது. 2018இல் உலகம் முழுக்கப் பரவிச்சு. 2014இல் அவர் ஒரு சூரியகாந்திக் கண்காட்சிக்குப் போயிருக்கார். அங்கே நிழல்லயே நின்னு செத்துப்போன ஒரு செடியைப் பார்த்திருக்கார். பத்து மீட்டர் தள்ளி நல்ல வெயில். கொஞ்சம் நடக்க முடிஞ்சிருந்தா அது பிழைச்சிருக்குமேன்னு அவருக்குத் தோணியிருக்கு. அந்த ஆதங்கம்தான் பிற்பாடு ஆறு காலாச்சு. வெயில் தேவைன்னா வெயிலுக்குப் போகும், போதும்னா நிழலுக்கு வந்துடும். தண்ணி இல்லைன்னா காலை உதறி அடம் பிடிக்கும்.

மெக்சிகோ கலைஞர் கில்பெர்ட்டோ எஸ்பார்சா செஞ்சது இன்னும் விசித்திரம். அவரோட 'நாடோடிச் செடிகள்' அழுக்கான ஆத்தங்கரைக்கு நடந்து போகும் ரோபோ. சாக்கடைத் தண்ணியை உறிஞ்சும். அதில் உள்ள கழிவை உடம்புக்குள்ள இருக்கிற பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது மின்சாரம் வரும். தெளிஞ்ச தண்ணி முதுகில் இருக்கிற செடிகளுக்கு. நம்மூர்க் கண்மாய் ஒண்ணுல கொண்டுவந்து விட்டா அதுக்குப் பசிங்கிற பேச்சுக்கே இடமிருக்காது!

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரங்களுக்கு நந்தவனம்னா என்னன்னு சொல்லத் தேவையில்லை. செடி நின்ன இடத்துல நிக்கும், மனுஷன்தான் குடத்தைத் தூக்கிட்டு அதுகிட்ட நடப்பான். இந்தக் கலைஞர்கள் அந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கிப் பார்க்கிறாங்க.

சரி, ஹெக்சா நடக்கும்போது "எனக்கு வெயில் வேணும்"னு சொன்னது யாரு? செடியா? இல்லை. ரோபோவில் இருக்கிற சென்சாரும், மனுஷன் எழுதிக் கொடுத்த புரோகிராமும்தான். செடி சும்மா சவாரி போகுது.

இந்த இடத்துலதான் எனக்குப் பிடிச்ச மூணாவது ஆள் வர்றார். அமெரிக்காவின் எம்ஐடி மீடியா லேபில் ஹர்ப்ரீத் சரீன் உருவாக்கிய 'எலோவான்'. இதுக்குக் கால் இல்லை, சக்கரம்தான். ஆனா இதை ஓட்டுறது செடியோட சொந்த மின் சமிக்ஞை. தண்டு, இலை, மண்ணுல மின்முனைகளைப் பொருத்தி, அதில் வர்ற மிக மெல்லிய மின் மாற்றத்தைப் பெருக்கி சக்கரங்களுக்கு அனுப்புறாங்க. செடிக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு விளக்கு. இந்த விளக்கு எரிஞ்சா இந்தப் பக்கம் நகரும். அதை அணைச்சு அந்த விளக்கைப் போட்டா அந்தப் பக்கம்.

"செடிக்கு ஏது டாக்டர் கரண்டு?"ன்னு கேப்பீங்க. இருக்கு. உங்க நெஞ்சுல ஒட்டி ஈசிஜி எடுக்கிறோமே, அதில் தெரியுறது உப்பு அயனிகள் செல்லுக்குள்ள போறதும் வெளியே வர்றதும்தான். தொட்டாச்சிணுங்கி இலையைத் தொட்டாலும் இதே மாதிரி ஒரு மின் அலை ஓடுது. நம்ம நரம்புல அந்த அலை நொடிக்கு நூறு மீட்டர் வரை பாயும், தொட்டாச்சிணுங்கியில் நொடிக்குச் சில சென்டிமீட்டர்தான். ஜகதீஷ் சந்திர போஸ் இதையெல்லாம் 1901லேயே லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் செஞ்சு காட்டினார். செடிக்குக் குளோரோஃபார்ம் கொடுத்தா அந்தத் துடிப்பு அடங்குறதையும் பதிவு செஞ்சார்.

அதுக்காக வாட்ஸ்அப்பில் வர்ற மாதிரி செடி அழுது, பாட்டு கேக்குதுன்னு கிளம்பிடாதீங்க. மூளையும் நரம்பும் அதுக்குக் கிடையாது. சமிக்ஞை நிஜம். அதுக்கு அர்த்தம் சொல்றது நாம. எத்தனை வோல்ட்டுக்கு மேல போனா சக்கரம் சுத்தணும்னு ஒரு மனுஷன்தான் முடிவு பண்றான்.

இப்ப என் பாக்கிக்கு வர்றேன்.

சில வருஷம் முன்னாடி அம்மாவுக்குப் பக்கவாதம். மூளையின் இடது பக்கம் அடைப்பு. வலது கை கால் போச்சு, பேச்சும் போச்சு. ராத்திரி தூக்கத்துல வந்ததால எத்தனை மணிக்கு வந்ததுன்னே தெரியல. (வாய் கோணினா, கை தொங்கினா, பேச்சு குழறினா நேரத்தைக் குறிச்சுக்கிட்டு உடனே ஓடுங்க. ரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசிக்குப் பொதுவா நாலரை மணி நேரம்தான் கெடு. எந்த இழை எழுதினாலும் இதைச் சொல்லாம விடமாட்டேன்.)

ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில், பாத்ரூம் பக்கத்துல இருக்கிற உள்ரூம்ல கட்டில் போட்டோம். தூக்க, துடைக்க அதுதான் வசதி. ஜன்னல் கிடையாது. கொல்லைப்புறக் கதவு வழியா வர்ற வெளிச்சம் மட்டும், அது அம்மாவுக்கு இடது பக்கம். நான் தினமும் ராஜபாளையத்திலிருந்து திரும்பி வந்து பார்க்கும்போது அம்மா தலை இடது பக்கமே திரும்பியிருக்கும்.

கூட இருந்து பார்த்துக்கிட்டது சித்தி. ஒருநாள் சொன்னாங்க, "அக்கா வெளிச்சத்தத் தேடுதுய்யா. கட்டில முன்னாடி போடுவமா?"

"இல்ல சித்தி, மூளையில அடைப்பு இருக்கிற பக்கமா கண்ணும் தலையும் திரும்பும். அது இந்த நோயோட அறிகுறி."

பாடப் புத்தகப்படி சரியான பதில். ஆனா அந்த அறிகுறி பெரும்பாலும் சில நாள்ல, சில வாரத்துல தணிஞ்சுடும்னும் அதே புத்தகத்துல இருக்கு. அம்மா படுத்து அப்ப ரெண்டு மாசம் தாண்டியிருந்துச்சு. வேற ஒருத்தர் வீட்டு நோயாளியா இருந்தா கவனிச்சிருப்பேன்னு நினைக்கிறேன். சொந்த அம்மாவுக்கு ஒரு தடவை ஒட்டின சீட்டை நான் கிழிக்கவே இல்லை.

அதே சமயத்துல ஒரு நைட் டியூட்டியில் எலோவான் வீடியோவைப் பார்த்தேன். செடி இடது பக்கம் நகருது. அதோட நிறுத்தியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன், சக்கரம் கோணலா இருக்கும்னு சொல்லியிருப்பேன். அவங்க விளக்கை மாத்திக் காட்டுறாங்க. செடி திரும்பி வருது. எனக்குச் சுருக்குன்னுச்சு. ஒரு செடிக்கு வச்ச சோதனையை நான் அம்மாவுக்கு வச்சுப் பார்க்கல.

ஞாயித்துக்கிழமை காலையில சித்தியும் நானும் கட்டிலை அப்படியே தலைமாடு கால்மாடு மாத்திப் போட்டோம். இப்ப கதவு வலது பக்கம். பத்து நிமிஷம் அம்மா இடது பக்கச் சுவரையே பார்த்துட்டு இருந்தாங்க. "பார்த்தீங்களா சித்தி"ன்னு சொல்லிட்டுக் காபி குடிக்கப் போனேன். பாதி தம்ளர் குடிக்கல, சித்தி கூப்பிட்டாங்க.

அம்மா தலை கதவைப் பார்த்துத் திரும்பியிருந்துச்சு. கழுத்து நரம்பு புடைச்சிருந்துச்சு. அந்தப் பக்கம் திரும்புறது அவங்களுக்கு எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும். மத்தியானம் கட்டிலைப் பழையபடி போட்டேன். மறுபடி இடது பக்கம் திரும்பினாங்க.

சித்தி ஒண்ணும் சொல்லல. சொல்லியிருந்தா தேவலைன்னு இருந்துச்சு.

சாயங்காலமே கட்டில் தெருவைப் பார்த்த முன்ரூமுக்கு வந்துடுச்சு. அதனால அம்மா எந்திரிச்சு நடந்தாங்கன்னெல்லாம் கதை சொல்லமாட்டேன். பேச்சு கடைசிவரை வரவே இல்லை. அவங்க தேடினது வெளிச்சமா, கதவு வழியா வந்த கொல்லைச் சத்தமா, மனுஷ முகமான்னும் எனக்கு இன்னைக்கு வரை தெரியாது. தேடினாங்க, அது மட்டும் தெரியும்.

தெரு அம்மன் கோயில் பொங்கல் வந்துச்சு. முளைப்பாரி பார்த்திருப்பீங்க. நவதானியத்தை இருட்டு அறையில மூடி வச்சு வளர்ப்பாங்க. வெளிச்சம் இல்லாததால பச்சையம் உருவாகாது, தண்டு மட்டும் வெளிச்சத்தைத் தேடி நீண்டுக்கிட்டே போகும். அதான் அந்த வெளிர் மஞ்சள் நிறமும் உயரமும். அப்புறம் பொம்பளைங்க அதைத் தலையில வச்சு வெளியே நடத்திக் கூட்டிட்டு வருவாங்க. காலில்லாத செடிக்கு மனுஷக் கால். சுன் தியான்ச்சிக்கு இதை யாராவது காட்டியிருந்தா சந்தோஷப்பட்டிருப்பார்.

அம்மா வருஷா வருஷம் முளைப்பாரி போட்டவங்க. அன்னைக்கு வரிசை எங்க வாசலைத் தாண்டும்போது குலவை கேட்டுச்சு. கட்டில்ல இருந்தும் ஒரு சத்தம் வந்துச்சு. குலவைன்னு சொல்ல முடியாது. நாக்கு ரெண்டு தடவை புரண்டு நின்னுடுச்சு. சித்தி ஓடிவந்து அம்மா வாயோரத்தைத் துணியால துடைச்சுட்டு, அவங்க சேர்ந்து குலவை போட்டாங்க.

வரிசை தெருமுனையில திரும்பி மறைஞ்சுச்சு. அம்மா தலை ரொம்ப நேரம் அந்தப் பக்கமே இருந்துச்சு. வலது பக்கம்.