வெள்ளைக்காரன் மரமும் மூத்த மாமாவும்

திருகோணமலைக்குத் திமிங்கிலம் பார்க்கப் போவம் என்று சொன்னது தம்பி. திரும்பி வரும்போது மூதூரில ஒரு கல்லுப் பார்க்கணும் என்று சொன்னது நான். வாப்பா ரெண்டுக்கும் சரி சொன்னார். உம்மா மட்டும், "அந்த ரோட்டாலயா?" என்று கேட்டா. அதுக்குப் பிறகு ஒண்டும் பேசல்ல.

அந்த ரோடு என்றால் மட்டக்களப்பு–திருகோணமலை வீதி. 1990இல உம்மாட மூத்த நானா, அதாவது எங்கட மூத்த மாமா, கல்முனையிலிருந்து கருவாடு ஏத்திக்கொண்டு அந்த ரோட்டாலதான் லொறியில போனார். வெருகலில பாதைக்குக் காத்துக்கொண்டு நிண்டதைக் கண்ட ஆக்கள் இருக்காங்க. (பாலம் வர முந்தி ஆத்தைக் கடக்கிற மிதவைக்கு எங்கட பக்கம் பாதை என்றுதான் பேர்.) அதுக்குப் பிறகு கண்டவங்க இல்ல. யார் பிடிச்ச என்பதுக்கு எங்கட குடும்பத்தில மூணு கதை இருக்கு. மூணையும் சொல்ற ஆள் ஒருத்தர்தான், அதனால நான் ஒண்டையும் எழுதப் போறதில்ல.

ராவு ஒரு மணிக்கு வேன் வெளிக்கிட்டது. வெருகல் பாலத்தில ஏறும்போது நான் முழிச்சிருந்தேன். உம்மாவும் முழிப்புத்தான். பாலத்தைக் கடக்க ஒரு நிமிசம்கூட எடுக்கல்ல. சுபுஹுக்குக் கிண்ணியாவில இறங்கித் தொழுதோம். உப்புவெளியில ஃபைபர் போட்டில ஏறும்போது வெளிச்சம் வந்திட்டுது.

கடலுக்கு முன்னூறு மீற்றர் தூரத்தில பிறந்து வளர்ந்த உம்மா வாழ்க்கையில முதல்தரம் கடலில போறா. லைஃப் ஜாக்கெட்டை அபாயாவுக்கு மேல போட்டுக்கொண்டு, போட்டு விளிம்பை ரெண்டு கையாலும் பிடிச்சபடி இருந்தா.

திருகோணமலையின் விசேஷம், அங்க ஆழ்கடல் கரைக்குப் பக்கத்திலேயே இருப்பது. துறைமுகக் குடாவிலிருந்தே கடலுக்கடியில் ஒரு பள்ளத்தாக்கு இறங்குது. அதனாலதான் நடுக்கடலில் திரியும் நீலத் திமிங்கிலம் இங்க கரைக்குக் கிட்ட வருது. மார்ச் தொடங்கி ஆகஸ்ட் வரைக்கும் சீசன். முதலில வந்தது டொல்பின் கூட்டம். போட்டுக்கு முன்னால போட்டி போட்டுக்கொண்டு பாயுதுகள், தம்பிக்கு வீடியோ எடுத்து முடியல்ல. அதுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் வெறும் தண்ணி. வெயில், டீசல் மணம், சாச்சிக்குச் சத்தி.

அப்ப போட்டோட்டி நானா எஞ்சினை நிப்பாட்டினார். தூரத்தில ஒரு வெள்ளைப் புகை மாதிரி தண்ணி எழும்பிச்சு. பிறகு முதுகு. அந்த முதுகு வந்துகொண்டே இருந்தது, முடியிற மாதிரித் தெரியல்ல. உம்மா "சுபுஹானல்லாஹ்" என்றா. தம்பி, "யூனுஸ் நபிய விழுங்கினது இதுதானா?" என்று கேட்டான். போட்டோட்டி நானா சிரிச்சார்: "இது கூனி மாதிரிப் பொடி றாலைத் தின்னிற சாமான் தம்பி. தொண்டை சின்னன்." அதுக்குள்ள வேறு ரெண்டு போட்டு நேரே அதை நோக்கிப் பாய்ஞ்சது. வாலைத் தூக்கி ஒரே இறக்கம். பார்க்க வந்த ஆக்களே பார்க்கவிடாமல் பண்ணுறதை என்னென்று சொல்ற.

உம்மா கேட்டா: "போனா திரும்பி வருமா?"

"வரும் உம்மா. மூச்செடுக்க மேல வரத்தானே வேணும்."

வரல்ல. இருபது நிமிசம் காத்திருந்திட்டு வந்திட்டோம்.

மூதூர்க் கல்லைப் பற்றி எனக்குத் தெரிய வந்தது கெம்பஸில, வரலாற்றுப் பாடத்துக்காக ரொபட் நொக்ஸ் வாசிக்கும்போது. 1659இல மசூலிப்பட்டினத்தில் புயலடிச்சுப் பாய்மரம் முறிஞ்ச 'ஆன்' என்ற ஆங்கிலேயக் கப்பல், மரம் மாத்துறதுக்குக் கொட்டியாரக்குடாவுக்கு வந்தது. 1660 ஏப்ரலில் இரண்டாம் இராஜசிங்க மன்னனின் ஆக்கள் கப்பல் தலைவனையும் மகனையும் வேறு சிலரையும் பிடிச்சாங்க. தகப்பனுக்கும் மகனுக்கும் ஒரே பேர், ரொபட் நொக்ஸ். மகனுக்கு 19 வயசு.

என்னைப் பிடிச்சு வச்ச இடம் ஒண்டு இருக்கு. பிடிச்ச ஆக்கள் மகனைக் கப்பலுக்குத் தூது அனுப்பினாங்க. அவன் போனான், கப்பலில் ஏறினான், அப்படியே போயிருக்கலாம். திரும்பித் தகப்பனிடம் வந்தான். கப்பல் பிறகு போயிட்டுது. அடுத்த வருசமே தகப்பன் காய்ச்சலில் மௌத்து. அடக்கம் பண்ண உதவி கேட்டதுக்கு ஊராக்கள், காட்டுக்குள்ள இழுத்துப் போடச் சொல்லி மாடு கட்டும் கயிறு ஒண்டைக் குடுத்தாங்களாம். அவன் அதைச் செய்யல்ல. ஒரு ஆளைக் கூலிக்குப் பிடிச்சுத் தூக்கிக்கொண்டு போய் அடக்கினான். பிறகு தொப்பி பின்னி வித்தும், நெல்லை வட்டிக்குக் குடுத்தும் கண்டி நாட்டில் சீவிச்சு, 1679இல மன்னார்ப் பக்கம் அரிப்பில் இருந்த டச்சுக் கோட்டைக்குத் தப்பிப் போனான். 1681இல லண்டனில் புத்தகம் வந்தது. 19 வருசம் கைதியா இருந்த அதே மனிசன், பிறகு மடகஸ்காருக்கு அடிமைகள் வாங்கக் கப்பல் ஓட்டினான். அதையும் சொல்லாமல் விட ஏலாது.

மூதூரில அந்த இடத்துக்கு வெள்ளைக்காரன் மரம் என்று பேர். கல்லில கப்பல் தலைவன் ரொபட் நொக்ஸ் என்று இருக்கு, 19 வருசம் சிறை என்றும் இருக்கு. தகப்பனையும் மகனையும் ஒரே ஆளாக்கிப் போட்டாங்க. தகப்பன் செத்த கதையே அதில இல்ல. 2006 ஆகஸ்ட்டில் இந்த ஊர் முழுக்கக் கந்தளாய்க்கு ஓடினது. அதுக்கெல்லாம் இந்தக் கல் அப்படியேதான் நிண்டிருக்கும்.

வேனில ஏறும்போது உம்மாவுக்குக் கதையைச் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டிட்டு, "அப்ப தகப்பனை அவன்தான் அடக்கினானா?" என்றா.

"ஓம் உம்மா."

"மண் போட்டானா?"

"போட்டான்."

மாமி இத்தா இருக்கல்ல. வெள்ளை உடுக்கல்ல. மரணச் சான்றிதழ் எடுத்தால் நட்டஈடு வரும் என்று ஒரு கந்தோரில் சொன்னாங்களாம். படிவத்தை வாங்கிக்கொண்டு வந்து அலுமாரியில் வச்சா, அது அங்கேயே இருக்கு. உம்மும்மா மௌத்தாகும்வரை ராவையில் முன்வாசல் லைட்டை நூர்க்க விடல்ல. எங்கட வீட்டில மாமாட பேரில் ஜனாஸாத் தொழுகை நடக்கல்ல.

வெருகல் பாலத்துக்கு முன்னால உம்மா வாப்பாக்கிட்ட வேனை நிப்பாட்டச் சொன்னா. இறங்கி, பழைய பாதை இருந்த பக்கம் நடந்துபோய் ஆத்தைப் பார்த்துக்கொண்டு நிண்டா. கையேந்தி ஓதினாவா என்று நான் பார்க்கல்ல, பார்க்கவும் போகல்ல. தம்பிகூட ஃபோனை உள்ளுக்கு வச்சிட்டான்.

திரும்பி வந்து ஏறினபோது செருப்பெல்லாம் சேறு.

"மாமிக்கு நான் சொல்றன்," என்றா உம்மா. "நீங்க யாரும் சொல்ல வேணாம்."