அந்தாலூசியப் பயணம் – 4: ஹமோன் தொங்கும் கூரையின் கீழ் சைவத் தட்டு

செவில் நகரின் பழைய தெருக்களில் இரவு எட்டரை மணிக்கு மேல், மதுக்கடைகளின் உயர்ந்த மரமேடைகளைச் சுற்றி நின்றபடி உண்போர் கூட்டம் நடைபாதை வரை வழியத் தொடங்கும் வேளையில்தான், தென் ஸ்பெயினாகிய அந்தாலூசியாவின் உணவுப் பழக்கம் முழு உருவில் காணக் கிடைக்கிறது. பானத்துடன் சிறு தட்டில் வரும் உணவு தப்பா எனவும், பன்மையில் தப்பாஸ் எனவும் வழங்கும். அதே பண்டத்தின் அரைத் தட்டு மெதியா ராசியோன், முழுத் தட்டு ராசியோன் என்று விலைப்பட்டியலில் தனித்தனியே குறிக்கப்பட்டிருக்கும். ஒரே கடையில் அமர்ந்து வயிற்றை நிறைத்துக்கொள்வதைவிட, இங்கே ஒன்றிரண்டு தட்டு, அடுத்த தெருவில் இன்னொன்று என நடந்தும் நின்றும் பேசியும் உண்பதே ஊர் வழக்கம். பெரும்பாலான கடைகளில் பகலுணவு ஒன்றரை மணிக்கு முன்னும் இரவுணவு எட்டு மணிக்கு முன்னும் கிடைக்காது என்பதால், பயணியும் தம் பசியை ஊரின் கடிகாரத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இத்தகைய கடைக்குள் நுழையும் சைவ உணவினரின் கண்ணில் முதலில் படுபவை, கூரையின் விட்டங்களில் வரிசையாகத் தொங்கும் பன்றித் தொடைகள். உப்பில் புதைத்துப் பின்னர் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் காற்றில் உலர்த்தப்படும் இத்தொடைக்கறிக்கு ஹமோன் என்று பெயர். கசியும் கொழுப்பு வாடிக்கையாளர் தலையில் சொட்டாதிருக்க ஒவ்வொரு தொடையின் அடியிலும் ஒரு சிறு கிண்ணம் குத்தப்பட்டிருக்கும். ஆயினும் சைவருக்கு உண்மையான இடர் தருபவை கண்ணுக்கெதிரே தொங்கும் தொடைகள் அல்ல, காய்கறித் தட்டுக்குள் மறைந்து வரும் துணுக்குகளே. கிரனாடாவின் பெயர்பெற்ற அவரைக்கொட்டை உணவு ஹமோன் சேர்த்தே வதக்கப்படுகிறது. பச்சைப் பட்டாணி, ஆர்ட்டிசோக், பூண்டில் வதக்கிய காளான் ஆகியவற்றிலும் அது பல கடைகளில் இடம்பெறுகிறது. கலப்புக் காய்த்தட்டாக வரும் என்சலாதா மிக்ஸ்தாவின் மேல் சூரை மீன் பரப்பப்பட்டிருப்பது இயல்பு.

'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் கூறியவருக்கு ஹமோன் தூவிய தட்டு வந்து சேர்வதைப் பரிமாறுபவரின் அலட்சியமாகக் கொள்வதற்கில்லை. துண்டாக வெட்டிச் சமைத்ததே இறைச்சி, மீன் வேறொரு வகை, ஹமோன் துணுக்கோ சுவையூட்டும் பொருள் என்ற பாகுபாடு அந்நாட்டுச் சமையலறையில் ஆழ வேரூன்றியது. அந்த வேரை அறிய விரும்புவோர் குவாதல்கிவீர் ஆற்றின் மேல் 1852இல் கட்டி முடிக்கப்பட்ட இரண்டாம் இசபெல் பாலத்தைக் கடந்து மறுகரையிலுள்ள திரியானா பகுதிக்குச் செல்லலாம்.

பாலம் முடியுமிடத்தில் உள்ள திரியானா சந்தையின் அடியில், சான் ஹோர்ஹே கோட்டையின் இடிபாடுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுக் காட்சியிடமாக்கப்பட்டுள்ளன. மாற்றுச் சமயக் கருத்துடையோரை விசாரித்துத் தண்டிக்க 1478இல் தோற்றுவிக்கப்பட்ட இன்குவிசிசியோன் என்னும் சமய விசாரணை மன்றம், 1481 முதல் செவிலில் இக்கோட்டையைத் தன் இருப்பிடமாகக் கொண்டிருந்தது. மதம் மாற மறுத்த யூதர்கள் 1492இல் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். முஸ்லிம்களும் பின்னர்க் கட்டாய மதமாற்றத்துக்கு உள்ளாயினர். அவர்களின் வழித்தோன்றல்களான மொரிஸ்கோக்கள் 1609 முதல் 1614 வரை நாடுகடத்தப்பட்டனர். இந்த நூற்றாண்டுகளில், புதிதாக மதம் மாறியவரின் அடுப்பே அவருக்கு எதிரான சாட்சியாயிற்று. பன்றிக்கொழுப்பைத் தவிர்த்து ஒலிவ எண்ணெயில் சமைப்பதும், பன்றிக்கறியைத் தொடாதிருப்பதும் பழைய சமயத்தை ஒளிவில் பின்பற்றுவதன் அடையாளங்களாகக் கருதப்பட்டு, அண்டைவீட்டாரின் புகார்களில் பதிவாயின. யூதர்கள் ஓய்வுநாளுக்கென இரவு முழுவதும் கனலில் வைத்துச் சமைத்த கொண்டைக்கடலைக் குழம்பான அதாஃபினாவில் பன்றிக்கறி சேர்க்கப்பட்டு, அதுவே இன்றைய கொசிதோவாக மாறியது என்று உணவு வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர். பன்றிக்கறி உண்பது ஐயத்திலிருந்து தப்பும் வழியாக இருந்த நாட்டில், காய்கறியின் மேலும் ஹமோன் விழுவது வியப்புக்குரியதன்று.

இதே வரலாற்றின் மறுபக்கத்தில்தான் சைவருக்குரிய தட்டுகளும் இருக்கின்றன. இன்றைய அந்தாலூசியக் கடையில் ஊன் கலவாத உணவுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், அவை சைவப் பயணியர் பொருட்டு அண்மையில் சேர்க்கப்பட்டவை அல்ல என்பதும், பன்றியை விலக்கிய அரபு, யூத மரபினர், தவக்கால நோன்பிருந்த கிறித்தவர், இறைச்சி வாங்க இயலாத உழவர் ஆகிய மூவகையினரின் அடுப்புகளிலிருந்து வந்தவை என்பதும் புலனாகும்.

அவற்றுள் முதலில் சொல்லத்தக்கது கொண்டைக்கடலையும் பசலைக்கீரையும் சேர்ந்த எஸ்பினாகாஸ் கோன் கர்பான்சோஸ். செவிலின் சாந்தா கத்தலினா தேவாலயத்துக்கு அருகில், 1670 முதல் இயங்கிவருவதாகக் கொள்ளப்படும் எல் ரின்கொன்சியோ என்னும் மதுக்கடை இவ்வுணவுக்குப் பெயர்பெற்றது. அங்கே வாடிக்கையாளரின் கணக்கை மரமேடையின் மீதே சுண்ணக்கட்டியால் எழுதிக் கூட்டி, பணம் பெற்றதும் துடைத்துவிடும் வழக்கம் இன்றும் உள்ளது. எண்ணெயில் பொரித்த ரொட்டித் துண்டையும் பூண்டையும் சீரகத்தோடு இடித்து, மிளகாய்ப் பழத்தை உலர்த்திப் பொடித்த பிமென்தோனும் சிறிது காடியும் சேர்த்து, அந்த விழுதில் வெந்த கடலையையும் கீரையையும் ஒன்றாகக் கிளறி இறக்குவது இதன் செய்முறை. சீரகமும் கீரையும் கடலையும் முஸ்லிம் ஆட்சிக்காலச் சமையலை நினைவூட்ட, இறைச்சி விலக்கப்பட்ட தவக்காலத்தில் கிறித்தவ இல்லங்கள் இவ்வுணவைத் தமதாக்கிக்கொண்டன. தவக்காலக் கடலைக் குழம்பு வகைகளில் உப்பிட்ட காட் மீன் சேர்ப்பதும் உண்டாகையால், பெயர் ஒன்றே என்று எண்ணி எல்லாக் கடையிலும் கேளாமல் உண்ணலாகாது.

இரண்டாவது கத்தரிக்காய். இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து பாரசீகம் வழியாக அரபு நாடுகளுக்கும், அங்கிருந்து ஐபீரியத் தீபகற்பத்துக்கும் சென்ற இக்காய், 13ஆம் நூற்றாண்டில் முர்சியாவில் பிறந்து, பின்னர் வட ஆப்பிரிக்காவில் குடியேறிய இப்னு ரஸீன் அத்துஜீபியின் அரபுச் சமையல் நூலில் பல செய்முறைகளோடு இடம்பெற்றுள்ளது. இன்றைய கடைகளில் அது பெரென்ஹேனாஸ் கோன் மியேல் என்ற பெயரில், மெல்லிய சீவல்களாகவோ விரல் நீளத் துண்டுகளாகவோ மாவில் புரட்டி ஒலிவ எண்ணெயில் பொரிக்கப்பட்டு, மேலே கரும்புப் பாகு ஊற்றப்பட்டு வருகிறது. பெயரில் தேன் இருந்தாலும் தென் கடற்கரை மாகாணங்களில் ஊற்றப்படுவது பெரும்பாலும் கரும்புச் சாற்றைக் காய்ச்சிய கரும்பாகு. கரும்பை இக்கரைக்குக் கொணர்ந்தவர்களும் அரபியரே. மலாகா மாகாணத்து மலையூரான ஃப்ரிஹிலியானாவில் அப்பாகு இன்றும் ஆலையில் காய்ச்சப்படுகிறது. கத்தரிக்காயின் லேசான கசப்பும் பாகின் கரிய இனிப்பும் மேலோட்டின் உப்பும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதால், அந்தாலூசியாவில் சைவர் உண்ணத்தக்கவற்றுள் முதலிடம் இதற்கே உரியது.

மூன்றாவது வகை உழவரின் ரொட்டி உணவுகள். பழைய ரொட்டியை நீரில் ஊறவைத்துப் பூண்டு, உப்பு, ஒலிவ எண்ணெய் ஆகியவற்றோடு அரைத்து வெயிற்காலத்தில் குளிர உண்பது தென் ஸ்பெயினின் தொன்மையான வழக்கம். வாதுமை சேர்த்து வெண்ணிறமாக அரைத்து, திராட்சைப் பழம் மிதக்கவிடுவது மலாகாவின் அஹோபிளாங்கோ. அமெரிக்கக் கண்டத்திலிருந்து தக்காளி வந்த பின் அதைச் சேர்த்துச் செந்நிறமாகக் கெட்டியாக அரைப்பது கோர்தோபாவின் சல்மொரேஹோ. மெக்சிகோவின் தக்காளியும் மிளகாயும் ஆண்டிஸ் மலையின் உருளைக்கிழங்கும் ஐரோப்பாவுக்கு வந்தபோது, அமெரிக்க வணிகத்தை 1503 முதல் கட்டுப்படுத்திய அரசுக் காரியாலயம் செவிலிலேயே இருந்தது. சல்மொரேஹோவின் அரைப்பில் ஊன் ஏதுமில்லை; ஆனால் பரிமாறும்போது வேகவைத்த முட்டைத் துருவலும் ஹமோன் துணுக்கும் மேலே தூவப்படும் என்பதால், தூவலின்றித் தருமாறு முன்னரே கூறிவிட்டால் போதும்.

உருளைக்கிழங்கு சைவருக்கு எளிதில் கைகொடுப்பது போலத் தோன்றினும் அதிலும் வேறுபாடுகள் உள்ளன. பொரித்த கிழங்கின் மேல் காரமான செங்குழம்பு ஊற்றிய பதாதாஸ் பிராவாஸில் அக்குழம்பைச் சில சமையலறைகள் இறைச்சிச் சாற்றில் கூட்டுகின்றன. உருளைக்கிழங்கு மசியலாகிய என்சலாதியா ரூசாவில் முட்டைக் கூழும் சூரை மீனும் கலந்திருக்கும். கிழங்கும் வெங்காயமும் இட்ட தடித்த முட்டையடையான தோர்த்தியா நாடெங்கும் கிடைக்கும். ஸ்பெயினில் பெஹெதாரியானோ என்று தம்மைக் கூறிக்கொள்பவர் முட்டையும் பாலும் உண்பவராகவே கொள்ளப்படுவார். பெகானோ என்பவர் பாலையும் விலக்கியவர். முட்டையை விலக்கிப் பாலை ஏற்கும் தமிழகச் சைவ வழக்கத்துக்கு அவ்விரண்டின் இடையே தனிப்பெயர் இல்லையாதலால், முட்டை வேண்டாம் என்பதைத் தனியே சொல்லியாக வேண்டும். முட்டையும் மாவும் இன்றிக் கிடைக்கும் எளிய தட்டு, கலீசியாவின் பிமியென்தோஸ் தே பாத்ரோன் எனப்படும் சிறு பச்சை மிளகாய். முழுதாக எண்ணெயில் பொரித்துக் கல்லுப்புத் தூவித் தரப்படும் இதில் பெரும்பாலானவை காரமற்றவை, எப்போதேனும் ஒன்று நாக்கைச் சுடும்.

பாலாடைக்கட்டியைப் பொறுத்தவரை, பாலைத் திரிக்கும் பொருள் எது என்பதே கேள்வி. லா மாஞ்சா பகுதிச் செம்மறியாட்டுப் பாலில் செய்யப்படும் மாஞ்செகோவில், கன்று அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படும் ரெனெட் என்னும் நொதிப்பொருள் மரபாகப் பயன்படுகிறது. அந்தாலூசியாவுக்கு வடக்கே எஸ்த்ரெமதூராவில் செய்யப்படும் தோர்த்தா தெல் கசார் என்ற கட்டியிலோ, பால் ஒருவகை முட்செடிப் பூவின் சாற்றால் திரிக்கப்படுகிறது. நுட்பமாக விலக்குவோர் இதைக் கேட்டு வாங்கலாம். கரண்டியால் அள்ளும் அளவுக்கு இளகிய அதன் சுவையில் மெல்லிய கசப்பும் இருக்கும்.

விலைப்பட்டியலில் சிறு படங்களாகக் காணப்படும் குறிகளையும் முழுதாக நம்புவதற்கில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு உணவுத் தகவல் விதி, 2014 டிசம்பர் முதல், ஒவ்வாமை விளைவிக்கும் 14 பொருள்களை உணவகங்கள் அறிவிக்க வேண்டும் எனக் கட்டாயமாக்கியது. மீன், முட்டை, பால், கொட்டை வகைகள் அப்பட்டியலில் உள்ளன. பன்றிக்கறியோ வேறு இறைச்சியோ இல்லை. ஆகவே மீன் குறி இல்லாத தட்டில் மீன் இல்லை என்று கொள்ளலாமேயன்றி, குறியே இல்லாத தட்டில் ஹமோன் இல்லை என்று கொள்ள இயலாது. கணவாயும் நெத்தலியும் பொரித்த எண்ணெயிலேயே கத்தரிக்காயும் பொரிக்கப்படலாம். இதைப் பொறுக்க இயலாதோர் பொரித்தவற்றை விட்டுவிட்டுக் குளிர்ந்த அரைப்புகளையும் வேகவைத்தவற்றையும் நாடுவதே நலம்.

செவிலிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கிரனாடாவில் வழக்கம் மாறுகிறது. 1492 ஜனவரி 2ஆம் நாள் கிறித்தவ அரசர்களிடம் ஒப்படைக்கப்பட்ட இறுதி முஸ்லிம் அரசின் தலைநகரான இவ்வூரில், பானம் வாங்குபவருக்குத் தப்பா விலையின்றி வருகிறது. இரண்டாம் பானத்துக்கு வேறொரு தட்டு, மூன்றாவதற்கு இன்னொன்று என அது தொடரும். கான்யா எனப்படும் சிறு குவளை பீர் அருந்தாதவர், மது சேராத மோஸ்தோ என்னும் திராட்சைச் சாறோ வேறு குளிர்பானமோ கேட்டாலும் பெரும்பாலும் தட்டு உண்டு. விலையில்லாத தட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கடைக்காரருடையது என்பதே இங்குள்ள சிக்கல். பானம் ஊற்றப்படும் முன்பே சைவர் எனத் தெரிவித்தவருக்குப் பல கடைகள் பொரித்த கத்தரிக்காயோ பாலாடைக்கட்டியோ தக்காளி தேய்த்த ரொட்டியோ தருகின்றன. தட்டு வந்தபின் தெரிவிப்பவருக்கு அதை மாற்றித் தரும் கடமை எந்தக் கடைக்கும் இல்லை.

அந்தாலூசியாவுக்குச் செல்லும் சைவர் பட்டினி கிடக்க நேரும் என்று பயண நண்பர்கள் கூறும் எச்சரிக்கை மிகையானது. எதைக் கேட்டாலும் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் அவ்வளவே மிகையானது. பெயர்ப்பலகையில் சைவம் என்று எழுதிய உணவகத்தைத் தேடி அலைவதைவிட, பழைய மதுக்கடையின் பழைய உணவுகளை அறிந்து கேட்பவர் நன்றாகவே உண்ணலாம். அங்கே செல்லவிருக்கும் வாசகர், மேடையருகே நின்றதும், எதையும் கேட்பதற்கு முன், சின் கார்னே, சின் ஹமோன், சின் பெஸ்காதோ என்று இறைச்சி, ஹமோன், மீன் மூன்றையும் தனித்தனியே மறுத்துச் சொல்லட்டும். முட்டை உண்ணாதவர் சின் வேவோ என்பதையும் சேர்த்துக்கொள்ளட்டும். இந்நான்கையும் தெளிவாகக் கூறியவருக்குக் கடலையும் கீரையும் கத்தரிக்காயும் அந்நாட்டுக் கடைகளில் குறைவின்றிக் கிடைக்கும்.