சுங்க அதிகாரியின் நன்றி

என் நாவல் ஒன்றில் போர்த்துகீசியச் சுங்க அதிகாரி ஒருவர் வருகிறார். வருஷம் 1953, இடம் கோவா எல்லையில் கொலேம் ரயில் நிலையம். கதாநாயகனுடைய தகரப் பெட்டியைக் குடைந்து பார்த்துவிட்டு, அதில் ஆட்சேபகரமாக ஒன்றும் அகப்படாத ஏமாற்றத்தோடு, அவன் நீட்டிய சிகரெட்டை வாங்கிக்கொண்டு, "ஒப்ரிகாதா" என்கிறார். அந்த ஒரு வார்த்தையால் அத்தியாயம் முழுவதிலும் கடற்காற்று வீசுகிறது என்று எனக்கு எண்ணம். விமர்சகர் ஒருவர்கூட அந்த இடத்தைக் குறிப்பிட்டு, ஆசிரியரின் உழைப்பு தெரிகிறது என்று எழுதியிருந்தார்.

நாவல் வெளிவந்து நாலு மாதம் கழித்து மட்காவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. சாய்வான எழுத்து, சுத்தமான தமிழ். எழுதியவர் கோவாக்காரர். வாலிபத்தில் சென்னைக்கு வந்து முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்து, கடைத்தெரு பலகைகளைப் பார்த்தே தமிழ் படிக்கக் கற்றுக்கொண்டு, ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர். நாவலைப் பற்றி இரண்டு பக்கம் நல்ல வார்த்தை சொல்லிவிட்டுக் கடைசியில் இப்படி எழுதியிருந்தார்: "தங்கள் சுங்க அதிகாரியை ஆண்பிள்ளை என்றுதான் நினைத்துப் படித்து வந்தேன். மீசைகூட வைத்திருக்கிறார். ஆனால் நன்றி மட்டும் பெண்பிள்ளை மாதிரி சொல்கிறாரே?"

விஷயம் இதுதான். அந்தப் பாஷையில் நன்றி சொல்லும் வார்த்தைக்கு நேர் அர்த்தம், கடமைப்பட்டவன் என்பது. ஆண் சொன்னால் ஒப்ரிகாது. பெண் சொன்னால் ஒப்ரிகாதா. கேட்கிறவர் யாராக இருந்தாலும் சரி, சொல்லுகிறவர் ஆணா பெண்ணா என்பதுதான் கணக்கு. தமிழில் ஒரு மீசைக்காரரைக் 'கடமைப்பட்டவள்' என்று பேச வைத்திருந்தால் புரூப் பார்ப்பவரே என் கையைப் பிடித்து நிறுத்தியிருப்பார். வேற்றுப் பாஷை என்றதும் எழுதினவன், அச்சிட்டவர், விமர்சித்தவர் எல்லோரும் சேர்ந்து ஏமாந்தோம்.

எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. காலேஜை இரண்டு வருஷம் எட்டிப் பார்த்துவிட்டு வந்தவன் நான். படிப்பை முடிக்காதவனுக்கென்று ஒரு குணம் உண்டு: தெரிந்ததற்கு மேல் ஒரு பிடி தெரிந்த மாதிரி காட்டிக்கொள்வான். அந்த 'ஒப்ரிகாதா' அப்படி வந்ததுதான். யாரோ சொல்லக் கேட்டேன், விசாரிக்கவில்லை, போட்டுவிட்டேன். இரண்டாம் பதிப்பில் ஓர் எழுத்தைத் திருத்தினால் தீர்ந்தது என்றார் பதிப்பாளர். எனக்குத் தீரவில்லை.

திருவல்லிக்கேணியில் ஒரு பழைய புத்தகக் கடையில், அட்டை போன போர்த்துகீசிய இலக்கணம் ஒன்று அகப்பட்டது. இங்கிலீஷ் தெரிந்தவர்கள் தாமே படித்துக்கொள்வதற்காக எழுதியது. ஒவ்வொரு பாடத்தின் கீழும் பயிற்சி, கடைசியில் விடைகள். எனக்கு முன்னால் அதை வைத்திருந்தவர் பயிற்சிகளுக்கெல்லாம் பென்சிலால் விடை எழுதிக்கொண்டே வந்து, பதினேழாவது பாடத்தில் பாதி வாக்கியத்தோடு நிறுத்தியிருந்தார். மாற்றலோ, கல்யாணமோ, வெறும் சலிப்போ, என்ன நேர்ந்ததோ தெரியாது. பதினேழைத் தாண்டியே தீருவது என்று எனக்கு ஒரு வீம்பு பிடித்துக்கொண்டது.

விடியற்காலம் நாலரை மணிக்கு எழுந்து உட்காருவேன். அது நாவல் எழுதுகிற வேளை. உச்சரிப்பைக் கைபேசியில் கேட்டு வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். ஒரு வாரம் பொறுத்துக்கொண்டிருந்த என் மனைவி, "இதை யாரோடு பேசப் போகிறீர்கள்?" என்று கேட்டாள்.

"யாரோடும் இல்லை."

"அப்படியானால் மனசுக்குள்ளேயே படிக்கலாமே."

வினைச்சொல் அட்டவணை வந்ததும் புத்தக ஆசிரியர் வாசகருக்குப் பக்கம் பக்கமாகத் தைரியம் சொல்கிறார். இங்கிலீஷ்காரர்களுக்கு அது வேண்டியிருக்கும். நமக்கு எதற்கு? 'வந்தேன்' என்றாலே வந்தவன் நான்தான் என்று தெரிகிறது. 'நான்' என்று தனியே சொல்லவேண்டியதில்லை. அவர்களும் அப்படியே வினையின் வாலைப் பார்த்து ஆளைக் கண்டுகொள்கிறார்கள். இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது.

அதை இறக்கிவைத்தது பால் வேற்றுமை. உயிருள்ளது, இல்லாதது எல்லாவற்றுக்கும் அங்கே ஆண் பெண் உண்டு. நம் வீட்டில் இருக்கும் ஜன்னல், சாவி, மேசை மூன்றும் அவர்களிடமிருந்து வந்த வார்த்தைகள். மூன்றும் அங்கே பெண்கள். அலமாரியும் பொத்தானும் ஆண்கள். கடல் தாண்டி நம் கரையில் இறங்கினதும் அத்தனை பேரையும் நாம் அஃறிணையில் சேர்த்துவிட்டோம். 'ஆ' என்று முடிந்தால் பெண் என்று நம்பவும் முடியாது. கவிதைக்கு அவர்கள் சொல்லும் 'பொயேமா' ஆண். கை என்று பொருள்படும் வார்த்தை 'ஓ' எழுத்தில் முடிந்தும் பெண். அந்தக் கையின் முடிவில் ஒரு மூக்கொலி வரும். ஒரு மாதம் முயன்றும் எனக்குப் பிடிபடவில்லை. பிறகு பொத்தானைப் பார்த்தேன். அவர்கள் மூக்கால் முடித்த அதே ஒலியைத்தான் நம்மவர்கள் 'ன்' என்று கேட்டு வாங்கியிருக்கிறார்கள். 'லெயிலாவ்ம்' என்கிற மாதிரி அவர்கள் சொன்னது இங்கே 'ஏலம்' ஆயிற்று. ஏலம் போட்டவர்கள் காது என் காதைவிட நல்ல காது.

என்னை மிகவும் அலைக்கழித்தது 'இரு' என்ற சாதாரண வினைதான். அதற்கு அங்கே இரண்டு வார்த்தை: ஸேர், எஷ்தார். என்றும் உள்ளதற்கு ஸேர், வந்து போவதற்கு எஷ்தார் என்று புத்தகம் விதி சொல்லிற்று. மலை உயரமாயிருக்கிறது, ஸேர். காப்பி சூடாயிருக்கிறது, எஷ்தார். பேஷாக இருந்தது. பயிற்சியில், 'அவன் இறந்துபோயிருக்கிறான்' என்று ஒரு வாக்கியம். மரணத்தைவிட நிரந்தரம் ஏது? ஸேர் என்று எழுதி விடையைப் பார்த்தால், எஷ்தார்! 'அவள் விதவை' என்பதற்கோ ஸேர். கணவன் இறந்திருப்பது எஷ்தார், மனைவி விதவையாயிருப்பது ஸேர். அன்று முழுவதும் நான் வேறு வேலை பார்க்கவில்லை. கடைசியில், எஷ்தார் என்பதற்கு லத்தீன் மூலம் 'நில்' என்று அறிந்தபோது கொஞ்சம் தெளிந்தது. நம் 'நிலை'யும் 'நில்'லிலிருந்து வந்ததுதானே. எவ்வளவு காலம் என்பதல்ல கேள்வி; ஒன்று நிகழ்ந்து, அதனால் வந்து சேர்ந்த நிலையா என்பதுதான். புத்தகம் இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று இன்றுவரை எனக்குக் கோபம் உண்டு.

அந்த நாட்களில் ஆண்டிரிக் அடிகளாரை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 1546-இல் இந்தியாவுக்கு வந்து, முத்துக்குளித்துறையில் இருந்துகொண்டு தமிழ் கற்ற போர்த்துகீசியப் பாதிரியார். 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவர் கைவேலை. அதற்கு முன்பே போர்த்துகீசிய பாஷையில் தமிழுக்கு ஓர் இலக்கணம் எழுதி வைத்தார். கையெழுத்துப் பிரதியாகவே லிஸ்பனில் கிடந்து 1982-இல்தான் அச்சேறியது. லத்தீன் இலக்கணத்தைத் துணையாக வைத்துக்கொண்டு நம் வேற்றுமைகளோடும் வினைகளோடும் அவர் மல்லுக்கட்டுகிறார். லத்தீன் தெரியாதவர்கள், 1540-இல் ஜுவாவ் தெ பாருஷ் எழுதிய போர்த்துகீசிய இலக்கணத்தையாவது முதலில் படித்துக்கொள்ளட்டும் என்று ஒரு யோசனையும் சொல்கிறார். லத்தீன் தெரியாதவர்களை அவர் ஒதுக்கிவிடவில்லை என்பதில் எனக்கு ஒரு சொந்த சந்தோஷம்.

பதினேழாவது பாடம் வந்தது. இன்னும் நடக்காததை, நடக்குமோ நடக்காதோ என்ற தயக்கத்தோடு சொல்லும் வினை வடிவம் அது. அண்டை வீடான ஸ்பானிய பாஷையில் ஏறக்குறைய வழக்கொழிந்துபோய், போர்த்துகீசியத்தில் மட்டும் தினசரிப் பேச்சில் உயிரோடிருக்கிறது. 'ஸெ தெவுஷ் கிஸெர்' என்பார்கள். தெய்வம் நினைத்தால் என்று அர்த்தம். நாம் ஓர் 'ஆல்' போட்டு முடித்துவிடும் காரியத்துக்கு அங்கே ஆறு வடிவம் கொண்ட அட்டவணை. அதிலும் 'போ' என்ற வினைக்கும் ஸேருக்கும் அட்டவணை ஒன்றே! என் முன்னோடி ஏன் பென்சிலைக் கீழே வைத்தார் என்று புரிந்தது. மூன்று வாரம் பிடித்தது. தாண்டினேன்.

இதெல்லாம் ஆவதற்குள் ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. மட்காவ் பெரியவருக்கு அவருடைய கடிதம் வந்த உடனே நான் பதில் போட்டிருக்கவேண்டும். போடவில்லை. அவர் பாஷையிலேயே எழுதி அசத்திவிடவேண்டும் என்று ஆசை. ஒரு பக்கக் கடிதத்துக்கு ஒன்பது நாள் பிடித்தது. 'ஒப்ரிகாது' என்று ஆணாக நன்றி சொன்னேன். கோவாவுக்கு வரும்போது தங்களைச் சந்திப்பேன் என்று ஒரு வாக்கியம் எழுதினேன். அதில்தான் எனக்குப் பெருமை. 'வரும்போது' என்பது அந்தப் பதினேழாம் பாட வடிவம். 'சந்திப்பேன்' என்பதில் வினையைப் பிளந்து நடுவே தங்களை உட்கார்த்தி வைத்தேன். சந்தி-தங்களை-ப்பேன் என்கிற மாதிரி. பேச்சில் இது அபூர்வம். மரியாதையான எழுத்தில் உண்டு.

பதில் தமிழில் வந்தது, அவருடைய மகளிடமிருந்து. அப்பா போன ஐப்பசியில் காலமாகிவிட்டார். தனக்குத் தமிழ் தெரியும், கொங்கணி தெரியும், இங்கிலீஷ் தெரியும், போர்த்துகீசியம் தெரியாது. 1961 டிசம்பரில் அந்த ஆட்சி போனபோது அப்பா பள்ளிக்கூடப் படிப்பை அதில் முடித்திருந்தார். பிள்ளைகளுக்கு அது தேவைப்படவில்லை. வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இப்போது யாரும் இல்லை. "ஐயா தயவு செய்து கடிதத்தில் எழுதியிருப்பதைத் தமிழில் எழுதி அனுப்ப முடியுமா?" என்று கேட்டிருந்தார்.

உட்கார்ந்து என் கடிதத்தை நானே மொழிபெயர்த்தேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. 'கோவாவுக்கு வரும்போது தங்களைச் சந்திப்பேன்.' தமிழில் அந்த வாக்கியத்தில் ஒன்றுமே இல்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு பார்சல். என் நாவலின் பிரதி. அப்பா பென்சிலால் குறித்து வைத்திருந்தார், தங்களுக்கு உபயோகப்படலாம் என்று மகள் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தார். சுங்க அதிகாரியின் 'ஒப்ரிகாதா'வைத் தவிர இன்னும் எட்டு இடத்தில் குறி. என்னிடம் அவர் சொன்னது ஒன்றுதான். 'செனோர்' என்று நான் எழுதிய நாலு இடங்களிலும் 'னோ'வை அடித்து 'ஞோ' ஆக்கியிருந்தார். ஒரு பாத்திரம் திங்கட்கிழமையை 'முதலாம் நாள்' என்கிறது. அங்கே ஞாயிறிலிருந்து எண்ணுவதால் திங்கள்தான் இரண்டாம் நாள். ஓரத்தில் '2' என்று போட்டிருந்தார். புனிதர் ஒருவர் பெயருக்கு முன்னால் நான் ஸ்பானிய 'சான்' போட்டிருந்தேன். கொலேம் நிலையத்து ஜன்னல் வழியே கடல் தெரிந்தது என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. கொலேம் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது.

எட்டாவது குறி, கதாநாயகனின் தாயார் அவன் பெட்டியில் துணி மடித்து வைக்கும் பாராவின் ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை இழுத்த ஒரு கோடு. அந்தப் பாராவில் போர்த்துகீசிய வார்த்தை ஒன்றும் இல்லை. பத்துத் தடவையாவது படித்துப் பார்த்துவிட்டேன். அதில் ஏதாவது தப்பா, அல்லது அவருக்குப் பிடித்திருந்ததா என்று தெரியவில்லை.