ஈரம் காயும்வரை

டிசம்பர் 17, 2023, ஞாயிறு

அட்வெந்து மூன்றாம் ஞாயிறு. ராத்திரி பிடித்த மழை விடவே இல்லை. ஆராதனைக்கு வந்தவர்கள் முப்பது பேர் இருந்தால் அதிகம். என் வீட்டுக்காரர் இறந்து இன்றோடு ஆறு மாதம். கோயிலில் அவர் வழக்கமாக உட்காரும் தூணோரத்தை இன்னும் சும்மாவே விட்டிருக்கிறார்கள். யாரும் சொல்லிவைத்துச் செய்வதில்லை, தானாக நடக்கிறது. பாட்டுக்கு எழுந்து நின்றேன், குரல் வரவில்லை. ஆறு மாதமாகவே இப்படித்தான். முழங்காலில் நின்றால் “ஆண்டவரே” என்பதற்கு அப்புறம் ஒரு சொல் நகராது. முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளியில் ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தவள் நான்.

சாயங்காலம் தெருவில் கணுக்காலளவு தண்ணீர். கரண்ட் போய்விட்டது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

டிசம்பர் 19, செவ்வாய்

பள்ளிக்கூடத்து மாடி. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி குளத்துக் கரை உடைந்ததாகக் கத்திக்கொண்டு ஓடினார்கள். அரை மணி நேரத்தில் தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. இரண்டு பையன்கள் என்னைத் தூக்காத குறையாகக் கொண்டுவந்து சேர்த்தார்கள். இரண்டு பேரும் என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவர்கள். மருந்துப் பையும் இந்த நோட்டும் கைக்கு வந்தன. கட்டில் தலைமாட்டில் இருந்த அவருடைய வேதாகமத்தை எடுக்கவில்லை. மாடிக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் நினைவே வந்தது. இதை எப்படி மறந்தேன்?

ஒருவரிடம் ரேடியோ இருக்கிறது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழையாம். ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் ரயில் தண்டவாளத்தில் மாட்டி நிற்கிறது, உள்ளே நூற்றுக்கணக்கான சனம். பக்கத்து ஊர்க்காரர்கள் சோறாக்கிக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்களாம். அவர்களுக்கும் வீட்டில் தண்ணீர்தானே.

மத்தியானம் ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தாங்க முடியாததை ஆண்டவர் தரமாட்டார் என்றும், எல்லாம் நன்மைக்கே என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். அடக்கத்தன்றும் இதையேதான் சொன்னார்கள். வசனம் பொய்யில்லை. ஆனால் காயத்தின் மேல் அதை இத்தனை சீக்கிரம் வைத்து அழுத்தினால் எரிகிறது. அவர் எழுந்து போனதும் எதிர்வீட்டு அக்கா வந்தார். அவர் வீட்டில் ஒரு சுவரே விழுந்துவிட்டது. ஒரு வார்த்தை பேசவில்லை. என் காலைத் தன் சேலைத் தலைப்பால் மூடிவிட்டு, சுவரில் சாய்ந்து இருட்டும்வரை பக்கத்திலேயே இருந்தார். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் இரவும் பகலும் வாய் திறக்காமல் தரையில் அவனோடு உட்கார்ந்திருந்தார்களே, அந்த ஏழு நாளும் அவர்கள் செய்தது சரி. பேச ஆரம்பித்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

டிசம்பர் 21, வியாழன்

வீட்டுக்கு வந்தோம். முழங்கால் உயரச் சேறு. அரிசி மூட்டை நாறுகிறது. பின்பக்கத்து வாழை அத்தனையும் சாய்ந்து கிடக்கிறது.

வேதாகமம் கட்டிலுக்குக் கீழே, சேற்றில் குப்புறக் கிடந்தது. ஊறி இரண்டு மடங்கு தடித்திருந்தது. முந்தானையில் ஏந்திக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து அழுதேன். அவர் அடக்கத்தில்கூட நான் அப்படி அழவில்லை.

டிசம்பர் 22, வெள்ளி

குழாயில் வருவது செம்மண் கரைத்த தண்ணீர். நேற்று அக்கா எங்கிருந்தோ இரண்டு தேற்றாங்கொட்டை கொண்டுவந்தார். மண்பானையின் உட்புறத்தில் கொட்டையை வைத்து வட்டமாக இழைத்தார். வெள்ளையாகச் சாந்து போல வந்தது. தண்ணீரை ஊற்றி மூடிவைத்தார். “ஆட்டிராதீங்க டீச்சர். விடியட்டும்.”

விடிந்து பார்த்தபோது மேலே கண்ணாடி மாதிரி தண்ணீர். அடியில் ஒரு விரற்கடை கனத்துக்குச் சேறு. மேல்தண்ணீரை மட்டும் மொண்டு கொதிக்கவைத்தோம்.

பானையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கலங்கிய தண்ணீரைத் தெளியவைப்பதற்கும் தேற்றுதல் என்றுதான் பெயர். யோவான் சுவிசேஷத்தில் பரிசுத்த ஆவியானவரைத் தேற்றரவாளன் என்று எழுதியிருப்பதை எத்தனை ஆயிரம் தடவை வாசித்திருப்பேன்! அந்தச் சொல்லுக்குள் இந்தக் கொட்டை இருப்பது தெரியாமல் போயிற்று. சேறு எங்கேயும் போய்விடவில்லை, அதே பானையில்தான் இருக்கிறது. அது அடியில் தங்கியதால் மேலே குடிக்கத் தண்ணீர் இருக்கிறது. துக்கம் ஒரேயடியாகப் போய்விட வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டிருந்தது தப்போ என்னவோ.

டிசம்பர் 23, சனி

நல்ல வெயில். திண்ணையில் பேப்பர் விரித்து வேதாகமத்தை ஒவ்வொரு தாளாகப் பிரிக்கிறேன். வெங்காயச் சருகு மாதிரி தாள். விரலால் எடுத்தால் கிழிகிறது. பனையோலை ஈர்க்கை நுழைத்து, ஊதி, ஓரத்திலிருந்து மெல்ல விலக்க வேண்டும். காலையிலிருந்து ஆதியாகமம்கூட முடியவில்லை. மற்ற புத்தகங்களை நடுவிலிருந்தும் பின்னாலிருந்தும் பிரித்துப் பார்த்தேன்.

அவர் ஓரங்களில் எழுதிவைத்தவை எல்லாம் இங்க் பேனாவில் எழுதியவை. வேலை கிடைத்த நாள், மகள் பிறந்த நாள், வீடு பால் காய்ச்சிய நாள், எல்லாவற்றுக்கும் ஒரு வசனமும் அதன் பக்கத்தில் குறிப்பும் இருந்தன. அத்தனையும் கரைந்து, பக்கத்துக்குப் பக்கம் நீலத் திட்டுதான் மிச்சம். ஒரு எழுத்து வாசிக்க முடியவில்லை.

சங்கீதப் புத்தகத்துக்கு வந்தபோது 88ஆம் சங்கீதத்தின் ஓரத்தில் எழுத்து பளிச்சென்று இருந்தது. பென்சில் எழுத்து. ஆஸ்பத்திரியில் மல்லாந்து படுத்தபடி எழுதப் பேனா சரிப்படவில்லை என்று பென்சில் கேட்டு வாங்கியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

“7.4.23, பெரிய வெள்ளி. இன்றைக்கு என்னால் ஜெபிக்க முடியவில்லை. இதை வாசித்துக்கொண்டேன்.”

அன்றைக்குச் சாயங்காலம் நான் போய், “ஜெபம் பண்ணினீங்களா?” என்று கேட்டேன். “ஆச்சு, ஆச்சு. நீ சாப்பிட்டியா?” என்றார்.

டிசம்பர் 24, ஞாயிறு

ராத்திரி தூங்கவில்லை. டார்ச் வெளிச்சத்தில் அந்தச் சங்கீதத்தையே வாசித்தேன். 18 வசனம். ஏமான் என்பவர் பாடியதாகத் தலைப்பில் இருக்கிறது. மற்றப் புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலும் கடைசியில் ஒரு துதி வந்துவிடும், இதில் வராது. கைவிட்டாயே என்று ஆண்டவரிடமே முறையிட்டு, முறையிட்டபடியே முடிந்துவிடுகிறது. இதைப் பாடமாகவோ பிரசங்கமாகவோ நான் கேட்டதே இல்லை. ஓய்வுநாள் பள்ளியில் நானும் சொல்லிக்கொடுத்ததில்லை, பிள்ளைகளுக்கு 23ஆம் சங்கீதம் போதும் என்று விட்டுவிட்டேன். இப்போது அது வருத்தமாக இருக்கிறது. என்றைக்காவது ஒருநாள் அந்தப் பிள்ளைகளுக்கும் இது தேவைப்பட்டிருக்கும்.

பெரிய வெள்ளியன்று இதை வாசித்திருக்கிறார். சிலுவையில் தொங்கிய இயேசுவும் அந்த நேரத்தில் புதிதாக ஒரு ஜெபத்தைத் தேடவில்லை. 22ஆம் சங்கீதத்தின் முதல் வரியைத்தான் எடுத்துக் கதறினார், சிறுவயதிலிருந்து தெரிந்த வரி. சொந்தச் சொல் அற்றுப்போன இடத்தில் அவரும் முன்னோர் வைத்துவிட்டுப் போனதை எடுத்துக்கொண்டார். அவருக்கே அப்படியென்றால், ஆறு மாதம் ஊமையாக முழங்காலில் நின்ற நான் ஜெபத்துக்கு வெளியே நின்றிருக்கவில்லை. என் வீட்டுக்காரரும் அங்கேதான் கிடந்திருக்கிறார். நான் தனியாக இல்லை. இதை எழுதும்போது நெஞ்சு லேசாகிறது. ஆறு மாதத்தில் முதல் தடவை.

டிசம்பர் 25, திங்கள்

கோயிலுக்குள் சேறு வழித்துக் கழுவியிருந்தார்கள். பெஞ்சுகள் காயவில்லை. நட்சத்திர விளக்கு இல்லை, கேரல் ரவுண்டு போகவில்லை, யாருக்கும் புதுத்துணி இல்லை. சபை ஐயர் பிரசங்கத்தைச் சுருக்கி, வீடில்லாதவர்கள் பட்டியலை வாசித்தார். பள்ளிக்கூடத்தில் எல்லோருக்குமாகச் சோறு பொங்கினோம். சபையார், சபைக்கு வெளியே உள்ளவர்கள் என்று பார்க்கவில்லை.

டிசம்பர் 31, ஞாயிறு

வேதாகமம் காய்ந்துவிட்டது. முன்போல மூடாது, விசிறி மாதிரி விரிந்து நிற்கிறது. தைக்கக் கொடுக்கலாம் என்றாள் மகள். வேண்டாம் என்றேன்.

ராத்திரி ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுத்தேன். நல்ல வசனம்தான். பைக்குள் வைத்துக்கொண்டேன், மெதுவாகப் பார்க்கலாம். பன்னிரண்டு மணிக்கு மணி அடித்து எல்லோரும் எழுந்து பாடினார்கள். அவர் உட்காரும் தூணோரத்தில் இந்தத் தடவை நான் நின்றேன். இரண்டாம் சரணத்தில் எனக்குக் குரல் வந்தது. மூன்றாவதில் மறுபடி அடைத்துக்கொண்டது. பக்கத்தில் அக்கா விடாமல் பாடிக்கொண்டிருந்தார். பாட்டுப் புத்தகத்தை அவருக்கு வெளிச்சம் படும்படி பிடித்துக்கொண்டு நின்றேன்.