தலைகீழாய் இறங்கிய கப்பல்

ஃப்ளோரிடாவின் கீ லார்கோ கரையிலிருந்து ஆறு மைல் வந்ததும் படகு நின்றது. சுற்றிலும் தண்ணீர். ஒரே ஒரு மிதவை மட்டும் நீரோட்டத்தின் இழுப்பில் பாதி அமுங்கித் துடித்துக்கொண்டிருந்தது. நம் ஊர் மீனவர்கள் இந்த நீரோட்டத்தை நீவாடு என்பார்கள். அன்றைக்கு நீவாடு கடுமை. “கயிற்றிலிருந்து கையை எடுக்காதீர்கள். எடுத்தால் கப்பல் கிடைக்காது” என்றார் படகின் கேப்டன்.

கை மாற்றிக் கை மாற்றி இறங்கினேன். உடம்பு கொடி மாதிரி ஒரு பக்கமாக இழுபட்டது. 15 மீட்டர் ஆழத்தில் கீழே இருட்டாக ஏதோ தெரிந்தது. இன்னும் கொஞ்சம் இறங்கியதும் அந்த இருட்டுக்கு விளிம்பு வந்தது, கைப்பிடிக் கம்பிகள் வந்தன. ஸ்பீகல் குரோவ்! 155 மீட்டர் நீளம். வயிற்றுப் பகுதியில் கடல்நீரை நிரப்பிக்கொண்டு, உள்ளேயிருக்கும் தரையிறங்கு படகுகளை வெளியே மிதக்கவிடும் வகைக் கப்பல். 1956-ல் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்து 1989-ல் ஓய்வு பெற்றது.

ஓய்வுக்குப் பிறகு வர்ஜீனியாவின் ஜேம்ஸ் ஆற்றில் சும்மா கிடந்த கப்பலை மீன்கள் தங்கும் செயற்கைப் பார் ஆக்குவதற்காக இங்கே இழுத்துவந்தார்கள். எண்ணெயையும், பிசிபி நஞ்சு கலந்த மின்கம்பிகளையும் முன்பே அகற்றியிருந்தார்கள். 2002 மே 17 அன்று, குறித்த நேரத்துக்குப் பல மணி நேரம் முன்னதாகவே கப்பல் தானாக மூழ்கத் தொடங்கிவிட்டது. அப்படியே கவிழ்ந்து, முன்பகுதியான அணியம் மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றது. ஜூனில் மீட்புக் குழுவினர் படாத பாடுபட்டு அதை வலது பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்தார்கள். அதற்கு மேல் முடியவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து, 2005 ஜூலையில் டென்னிஸ் புயல் வந்தது. புயலின் மையம் தூரத்தில்தான் போனது. ஆனால் அது கிளப்பிய அலையும் நீரோட்டமும் அவ்வளவு பெரிய கப்பலைப் புரட்டி நேராக நிமிர்த்திவிட்டன. படித்துத் தெரிந்த கதைதான். ஆனாலும் அந்தத் தளத்தின் மேல் மிதந்தபடி, இது ஒரு காலத்தில் சுவராக நின்றது, அதற்கு முன் கூரையாகக் கவிழ்ந்திருந்தது என்று நினைத்தபோது மூச்சு ஒரு கணம் தடுமாறியது.

கைப்பிடிக் கம்பியருகே போய் டார்ச்சை அடித்தேன். சாம்பலாகத் தெரிந்த கம்பி செக்கச்செவேல் என்று மாறியது. இந்த ஆழத்தில் சூரிய ஒளியின் சிவப்பு வந்து சேர்வதில்லை. அதனால்தான் எல்லாமே நீலமும் சாம்பலுமாக இருக்கின்றன. கம்பி முழுக்கக் கடற்பஞ்சு. அதன் இடுக்கில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு நண்டு, வெளிச்சம் பட்டதும் பின்வாங்கியது. விரலிடுக்கு அகலம்கூட இரும்பு வெறுமையாக இல்லை.

தளத்துக்குக் கீழே நிழலில் ஒரு கோலியாத் களவா. ஆள் உயரம் இருக்கும். அளவுக்கு மீறிப் பிடித்ததில் அருகிப்போய், 1990-ல் ஃப்ளோரிடாவில் தடை போட்டுக் காப்பாற்றிய மீன். தாடை அசைந்தது. ஆனால் இடத்தை விட்டு நகரவில்லை. இந்த மீன்கள் கப்பலால் பெருகியவையா, வேறு இடத்தில் இருந்தவை இங்கே வந்து கூடியவையா என்று அறிவியலாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். தென்னை மட்டையில் கல் கட்டிக் கடலில் இறக்கி மீன் சேர்க்கும் நம் மீனவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதாக இருக்காது. வந்து கூடும் மீனை எல்லாம் பிடித்துத் தீர்த்தால், பார் என்பது வெறும் பொறிதான்.

எதையாவது கடலில் போட்டால் பார் ஆகிவிடும் என்ற நினைப்புக்கு இதே கரையில், வடக்கே ஃபோர்ட் லாடர்டேல் அருகே சாட்சி கிடக்கிறது. 1970-களில் அங்கே சுமார் 20 லட்சம் பழைய டயர்களைக் கொட்டினார்கள். கட்டுகள் அறுந்து, டயர்கள் உருண்டுபோய் உயிருள்ள பவளத்தையே நசுக்கின. 2023 கோடையின் வெப்பத்தில் வெளுத்துப்போன பவளப்பாறைகளுக்கும் எந்தக் கப்பலும் ஈடாகாது. கப்பலை நான் நேசிக்கிறேன்; அதனாலேயே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு கதவருகே வந்தோம். உள்ளே கும்மிருட்டு. என்னோடு இறங்கிய வழிகாட்டி குறுக்கே கையை நீட்டித் தடுத்தார். 2007-ல் இந்தக் கப்பலுக்குள் போன மூன்று பேர் உயிரோடு திரும்பவில்லை. உள்ளே படிந்திருக்கும் வண்டல் ஒரு துடுப்பு உதைக்கே கலங்கிவிடும். வந்த வழி மறைந்துவிடும். 30 மீட்டரில் சாதாரணக் காற்றோடு பாதுகாப்பாக இருக்கக்கூடியது சுமார் 20 நிமிடம். எங்கள் சிலிண்டரில் 32 சதவீத ஆக்சிஜன் இருந்ததால் இன்னும் சில நிமிடம் கூடுதல். வழி தேடுவதற்கு அது போதாது.

திரும்பும்போது பாதுகாப்புக்காக 5 மீட்டரில் கயிற்றைப் பிடித்தபடி மூன்று நிமிடம் நின்றோம். கப்பல் மறுபடி இருட்டாகிவிட்டது.

படகில் ஏறி முகமூடியைக் கழற்றினேன். கேப்டன் பட்டியலை எடுத்து ஒவ்வொரு பெயராக வாசித்தார். பக்கத்தில் இருப்பவர் பதில் சொல்லக் கூடாது. அவரவர் வாயால் சொல்ல வேண்டும். என் பெயர் வந்தது. “இருக்கிறேன்” என்றேன். அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்த பிறகே பெயருக்கு எதிரே கோடு போட்டார்.