கை தொடக்கூடாத வேலை

பேட்டரி பற்றிய செய்தி இல்லாமல் இப்போது நாளிதழ் வருவதில்லை. கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் ஓலா நிறுவனம் லித்தியம் செல் செய்யும் தொழிற்சாலை அமைத்திருக்கிறது. 46 மில்லிமீட்டர் விட்டம், 80 மில்லிமீட்டர் உயரம் என்பதால் அந்தச் செல்லுக்கு 4680 என்று பெயர். இப்படிப்பட்ட தொழிற்சாலைகளின் படங்களில் ஆளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். செல்லுக்குள் போகும் சுருளை எடுப்பது, நகர்த்துவது, உருளைக்குள் இறக்குவது எல்லாம் இயந்திரக் கைகள்தான். வேகம் ஒரு காரணம். இன்னொரு காரணம் ஈரம். லித்தியம் செல் கட்டும் அறையில் காற்றிலிருக்கும் ஈரத்தையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிடுகிறார்கள். மனிதன் விடும் மூச்சும் உள்ளங்கை வியர்வையும் அந்தச் செல்லுக்கு ஆகாது. ஈரம் பட்டால் உள்ளே இருக்கும் லித்தியம் உப்பு சிதைந்து அமிலமாகிவிடும்.

இதைப் பற்றி அம்பாசமுத்திரத்து நண்பர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். ஓசூர்ப் பக்கம் ஒரு பேட்டரித் தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பில் இருக்கிறார். அங்கே செய்வது லாரிக்கும் இன்வெர்ட்டருக்கும் போடுகிற ஈய பேட்டரி. "எங்க இடத்துலயும் மெசின்தான் தகடு அடுக்குது. ஆனா காரணம் தலைகீழ். அங்க மனுசன்கிட்ட இருந்து செல்லைக் காப்பாத்துதாங்க. எங்க இடத்துல ஈயத்துக்கிட்ட இருந்து மனுசனைக் காப்பாத்தணும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ரெண்டு காப்பும் இல்லாத இடம் ஒண்ணு இருக்கு. நான் வேலை படிச்ச பட்டறை. திருநெல்வேலிக்கு வாரப்ப கூட்டிட்டுப் போறேன்" என்றார். அப்படித்தான் அந்தப் பட்டறைக்குப் போனேன்.

திருநெல்வேலி டவுனிலிருந்து பேட்டை போகும் வழியில், சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தகரக் கொட்டகை. வாசலில் டிராக்டர் பேட்டரி, லாரி பேட்டரி, வீட்டு இன்வெர்ட்டரின் உயரமான பேட்டரி எல்லாம் வரிசையில் கிடந்தன. உள்ளே போனதும் ஆசிட் நெடி தொண்டையைப் பிடித்தது. பட்டறைக்கார அண்ணாச்சிக்கு வயது அறுபதை ஒட்டியிருக்கும். நண்பரைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "ஏல, வால. என்ன இப்படி மெலிஞ்சு போய்ட்ட?" என்றார். என்னைப் பார்த்து, "உக்காருங்க சார், அந்த ஸ்டூல்ல தூசி இருக்கும், தொடச்சிட்டு உக்காருங்க" என்றார். தூசி என்று அவர் சாதாரணமாகச் சொன்னது ஈயத் தூசி.

ஈய பேட்டரியின் அமைப்பு எளிது. 1859இல் பிரான்சின் கஸ்தோன் பிளான்டே இதைச் செய்தார். 1881இல் கமீல் ஃபோர் ஈயத் தகட்டின் மேல் ஈயப் பசையைப் பூசும் முறையைக் கொண்டுவந்தார். இன்றுவரை அடிப்படை அதுதான். 12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு அறைகள், ஆறு செல்கள். ஒவ்வொன்றும் இரண்டு வோல்ட்டும் சொச்சமும். ஒரு செல்லில் சாக்லேட் நிறத்தில் நேர்த்தகடு, சாம்பல் நிறத்தில் எதிர்த்தகடு, இரண்டும் உரசிக்கொள்ளாமல் நடுவில் செப்பரேட்டர், சுற்றிலும் நீர்த்த கந்தக அமிலம். பெரும்பாலும் ஒரே ஒரு செல் செத்துத்தான் முழு பேட்டரியும் படுத்துவிடும். அந்தச் செல்லைத் திறந்து, தகடுகளைக் கழற்றி, நல்ல தகடுகளை அடுக்கி, மறுபடி கட்டிக் கொடுப்பதுதான் அண்ணாச்சியின் தொழில்.

மேல்மூடியை அறுத்து, செத்த செல்லைக் கொறட்டால் பிடித்து மேலே இழுத்தார். தகடுகள் ஆசிட் சொட்டச் சொட்ட வெளியே வந்தன. பிரித்தெடுத்துக் கழுவி, விரலால் தடவித் தடவிப் பார்த்தார். பசை உதிர்ந்தது ஒரு பக்கம், தேறியது ஒரு பக்கம். பிறகு ஒரு எதிர்த்தகடு, ஒரு செப்பரேட்டர், ஒரு நேர்த்தகடு, ஒரு செப்பரேட்டர் என்று சீட்டுக்கட்டு கலைக்கிற வேகத்தில் அடுக்கினார். எதிர்த்தகடு வழக்கமாக ஒன்று கூடுதல். அடுக்கின் இரண்டு ஓரத்திலும் அதுதான் நிற்க வேண்டும்.

அடுத்ததாக அவர் எடுத்த கருவியைத்தான் நான் கண்ணெடுக்காமல் பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இரும்புத் துண்டு, ஒரு பக்கம் பல் பல்லாக வெட்டு. பட்டறையில் அதைச் சீப்பு என்கிறார்கள். ஒவ்வொரு தகட்டின் தலையிலும் விரல் நுனி அளவுக்கு ஒரு ஈயக் காது நீட்டிக்கொண்டிருக்கும். நேர்த்தகடுகளின் காதுகள் ஒரு பக்கம், எதிர்த்தகடுகளின் காதுகள் மறுபக்கம். சீப்பின் பல்லிடுக்கில் காதுகளை நுழைத்துவிட்டால் இடைவெளி பிசகாது. சுற்றிலும் இரும்புக் கட்டைகளை அணைத்து வைத்தால், காதுகளின் நுனி எட்டிப்பார்க்கும் ஒரு சிறு தொட்டி உருவாகிறது. அந்தத் தொட்டியில் ஈயத்தை உருக்கி நிரப்பி எல்லாக் காதுகளையும் ஒரே பட்டையாக இணைக்க வேண்டும்.

உருக்குவதற்கு அவரிடம் பெரிய கருவி எதுவும் இல்லை. டார்ச் செல்லுக்குள் இருக்குமே, அந்தக் கார்பன் குச்சி. இன்னொரு பேட்டரியிலிருந்து ஆறு வோல்ட்டை அதற்குக் கொடுத்துக் காதின் மேல் வைத்தார். குச்சியின் நுனி செக்கச்செவேலென்று பழுத்தது. ஈயம் 327 டிகிரியில் உருகும். மங்கலாக இருந்த காது நுனி சட்டென்று பளபளத்துத் தளர்ந்தது. அந்தக் கணத்திலேயே குச்சியை நகர்த்திவிட்டார். ஒரு நொடி முந்தினால் ஈயம் மேலே ஒட்டி நிற்கும், உள்ளே பிடிக்காது. ஒரு நொடி பிந்தினால் காது முழுவதும் வழிந்து தகடே வீணாகும். காதுக்குக் காது நகர்ந்து, ஈயக் குச்சியால் ஊட்டி, பட்டையை முடித்தார். ஆறியதும் சீப்பை உருவிவிட்டுக் கொறட்டால் பட்டையைத் தட்டினார். "கணீர்னு கேக்கணும். தொப்புனு கேட்டா உள்ள பிடிக்கலன்னு அர்த்தம்" என்றார். முகமூடி இல்லை, கையுறை இல்லை. உருகும்போது எழுந்த மெல்லிய புகை நேரே அவர் முகத்துக்குத்தான் போனது.

பின்னர் ஓசூர்ப் பக்கத் தொழிற்சாலையில் இதே வேலையை இயந்திரம் செய்வதையும் பார்த்தேன். ரப்பர் உறிஞ்சிகள் தகடுகளை ஒவ்வொன்றாகத் தூக்குகின்றன. ஒன்றுக்குப் பதில் இரண்டு ஒட்டிக்கொண்டு வந்தால் உணரி கண்டுபிடித்து ஒதுக்குகிறது. ஒரு வகைத் தகட்டைப் பாலித்தீன் உறைக்குள் போட்டு ஓரம் ஒட்டி, மற்ற வகையோடு மாற்றி மாற்றி அடுக்குகிறது. அடுக்குகளை இறுகப் பிடித்து, காதுகளைத் தூரிகையால் துலக்கி, ஈயம் பிடிக்க உதவும் பிளக்ஸ் தடவி, தலைகீழாகத் திருப்பி, உருகிய ஈயம் நிற்கும் அச்சில் முக்குகிறது. ஆறு செல்லுக்கும் பட்டைகள் ஒரே முக்கில் வார்ப்பாகிவிடுகின்றன. பிறகு அப்படியே டப்பாவில் இறக்குகிறது. இங்கிலாந்தின் டிபிஎஸ், ஆஸ்திரியாவின் பிஎம்-ரோசன்டால் போன்ற நிறுவனங்கள் உலகம் முழுவதற்கும் இப்படிப்பட்ட இயந்திரங்களைச் செய்துகொடுக்கின்றன. உருக்கும் இடத்தைச் சுற்றி அடைப்பு, மேலே புகையை உறிஞ்சும் குழாய். தொழிலாளர் சீருடையைத் தொழிற்சாலையிலேயே கழற்றி, குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார்கள். ரத்தத்தில் ஈயத்தின் அளவைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் பார்க்கிறார்கள்.

அங்கே நின்றபோது எனக்குத் தெளிவாகப் புரிந்தது ஒன்று. அண்ணாச்சியின் விரலுக்குத் தெரிந்த எல்லாமே அந்த இயந்திரத்துக்குள் இருக்கிறது. சீப்பு இருக்கிறது, காது துலக்கும் நுணுக்கம் இருக்கிறது, ஈயம் எப்போது பிடிக்கும் என்ற கணக்கு இருக்கிறது. நண்பரும் இதையே சொன்னார்: "வார்ப்பு சரியில்லன்னா மத்தவங்க கம்ப்யூட்டரைப் பாப்பாங்க. நான் பட்டையத் தட்டிப் பாப்பேன். அண்ணாச்சி சொல்லிக்கொடுத்தது." நண்பர் பேட்டை அரசு ஐடிஐயில் சேர்ந்து சான்றிதழ் வாங்கினார், இயந்திரத்திடம் போய்ச் சேர்ந்தார். அண்ணாச்சியிடம் சான்றிதழ் இல்லை. அவர் ஈயத்திடமே தங்கிவிட்டார்.

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுப் பட்டறைக்கு வந்தவர் அவர். அப்போதெல்லாம் பேட்டரி டப்பா கறுப்பு எபோனைட். மேலே கீல் ஊற்றி அடைத்திருப்பார்கள். சூடு காட்டினால் இளகிவிடும், எந்தச் செல்லையும் தனியாக உருவலாம். தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனத்தில் முப்போகமும் இருபோகமும் விளைந்த காலம். நடவு, அறுப்பு நாட்களில் டிராக்டர் பேட்டரிகள் கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவியிலிருந்தெல்லாம் வந்து குவியும். பிறகு 2008இல் தொடங்கிய மின்வெட்டு. 2012இல் தமிழ்நாட்டின் பல ஊர்களில் பாதி நாளுக்கு மேல் மின்சாரம் இல்லை. வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்தது. "அப்ப ராத்திரி பகல் பாக்கல. ஏழு பேர் வேலை பாத்தோம்" என்றார். 2013 அக்டோபரில் கூடங்குளம் முதல் உலை மின்தொகுப்போடு இணைந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் மின்வெட்டு குறைந்தது, வேலையும் குறைந்தது. 2023 டிசம்பர் பெருவெள்ளத்தில் ஆறு ஊருக்குள் புகுந்தபோது, சேற்றில் முங்கிய பேட்டரிகளைத் தூக்கிக்கொண்டு சனங்கள் வந்தார்கள். அதன் பிறகு அப்படி ஒரு கூட்டத்தைப் பட்டறை பார்க்கவில்லை. இப்போது வருகிற பேட்டரிகள் பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டியவை. திறந்தால் மூடுவது கஷ்டம். திறக்கவே வேண்டாம் என்று நினைத்துச் செய்யப்பட்டவை.

பேசிக்கொண்டே டம்ளரை எடுத்தவர் இரண்டு கையாலும் பிடித்தார். வலது மணிக்கட்டு மேலே நிமிரவில்லை. "ரெண்டு வருசமா இப்படித்தாம். வாதம்னு சொல்லி எண்ணெ தடவுதேன்" என்றார். வயிற்று வலி வாலிபத்திலேயே உண்டாம். குடல்புண் என்று மருந்து சாப்பிட்டிருக்கிறார். தினமும் சாயங்காலம் ஒரு துண்டு கருப்பட்டி கடிப்பதை மட்டும் விட்டதில்லை. கருப்பட்டி ஈயத்தை எடுத்துவிடும் என்பது பட்டறை நம்பிக்கை. கருப்பட்டி ஈயத்தை எடுக்காது. உடம்புக்குள் போன ஈயம் எலும்பில் பல பத்தாண்டுகள் தங்கும். வயிற்றைப் பிசையும் வலி, ரத்தசோகை, மணிக்கட்டு தளர்ந்து தொங்குவது ஆகியவை ஈய நஞ்சின் பழைய, நன்கு தெரிந்த அடையாளங்கள். அண்ணாச்சிக்கு வந்திருப்பது அதுதானா என்று நான் சொல்ல முடியாது. ஆனால் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஈயத்தோடு வாழ்ந்தவரின் ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று ஒருவர்கூட ஒருமுறைகூடப் பரிசோதித்ததில்லை.

ரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் ஆபத்தில்லை என்று சொல்லும்படி ஒரு அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளின் மூளையைத்தான் அது அதிகம் தாக்குகிறது. செனகல் நாட்டில் டக்கார் நகரை ஒட்டிய தியாரோயில், பழைய பேட்டரியிலிருந்து ஈயம் பிரித்த இடத்தைச் சுற்றி, 2007 நவம்பர் முதல் 2008 மார்ச்சுக்குள் 18 குழந்தைகள் இறந்தார்கள். சட்டையில் ஒட்டி வீட்டுக்கு வரும் தூசியே பேரக்குழந்தைக்குப் போதும்.

இவ்வளவு ஆபத்தைச் சுமக்கிறவருக்கு என்ன கிடைக்கிறது? பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். கிட்டத்தட்ட முழுவதையும் மீட்டு மறுபடி பேட்டரியாக்கலாம். அதனால் செத்த பேட்டரிக்கும் நல்ல விலை உண்டு. அந்த விலையை உருக்காலையும் பெரிய வியாபாரியும் பேசி வைக்கிறார்கள். பழைய பேட்டரியை வாங்கி லாரியில் ஏற்றும் இடைத்தரகர் காலையில் போனில் ஒரு விலை சொல்வார். ஏறினால் அவருக்கு லாபம், இறங்கினால் பட்டறைக்கு நட்டம். ஆசிட் எடை என்று கொஞ்சம் கழிப்பார், டப்பா எடை என்று கொஞ்சம் கழிப்பார். அவர் கையில் ஈயம் படுவதே இல்லை. ஈயத்தைத் தொடுகிறவனுக்குக் கூலி, தொடாதவனுக்கு லாபம் என்பதுதான் இந்தச் சங்கிலியின் கணக்கு. இதை வியாபார சாமர்த்தியம் என்று பாராட்ட எனக்கு மனம் வரவில்லை. ஒருவரின் நரம்பையும் எலும்பையும் விலையில் சேர்க்காமல் விட்டுச் சம்பாதிப்பது கொள்ளை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, மருத்துவர் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில் நோய்களைப் பட்டியலிட்டது. அதில் முதலாவதே ஈய நஞ்சு. ஆனால் மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் வேலை செய்தால்தான் அந்தச் சட்டத்தின் கணக்கில் அது தொழிற்சாலையாக இருந்தது. அண்ணாச்சியின் பட்டறையில் நல்ல காலத்திலேயே ஏழு பேர். பேட்டரிக் கழிவுக்கு 2001இல் விதிகள் வந்தன, 2022இல் புதிய விதிகள் வந்தன. விற்ற பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்ய வைப்பது உற்பத்தியாளர் பொறுப்பு, அதற்குச் சான்றிதழ் உண்டு, அந்தச் சான்றிதழுக்கு விலையும் உண்டு என்று புதிய விதிகள் சொல்கின்றன. பேட்டரியைப் புதுப்பித்துத் தருகிறவர்கள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும் என்றும் சொல்கின்றன. பட்டறைக்காரரின் ரத்தத்தைப் பற்றி அந்த ஏற்பாட்டில் எதுவும் இல்லை.

அழிந்துவரும் கைத்தொழில்களைப் பற்றி எழுதும்போது அவை நிலைக்க வேண்டும் என்று முடிப்பது வழக்கம். பத்தமடைப் பாய்க்கும் காருகுறிச்சி மண்பானைக்கும் நானும் அதைச் சொல்வேன். இந்தத் தொழிலுக்குச் சொல்லமாட்டேன். ஈயத் தகட்டை இயந்திரம்தான் எடுக்க வேண்டும், இயந்திரம்தான் வார்க்க வேண்டும். இது முடிய வேண்டிய கைவேலை. ஆனால் அந்தக் கைகளிடமிருந்த அறிவை எடுத்துக்கொண்ட தொழில்துறை, கைகளுக்குரிய மனிதர்களை விட்டுவிட்டுப் போவது நியாயமில்லை. படிக்காமல் கற்ற வேலைக்குச் சான்றளிக்கும் திட்டம் அரசிடம் இருக்கிறது. அண்ணாச்சியிடம் வேலை படிக்கும் இளைஞன் ஒருவனை அதன் வழியாக இயந்திரப் பராமரிப்புக்கு அனுப்பலாம். என் நண்பர் ஐடிஐ வழியாகப் போய்ச் சேர்ந்த இடம்தான் அது. மீதமிருக்கும் பட்டறைகளில் உருக்கும் மேசைக்கு மேல் புகைபோக்கி வைக்க உற்பத்தியாளர்களின் சான்றிதழ்ப் பணத்திலிருந்து ஒரு பங்கு வரலாம்.

முதலில் ரத்தப் பரிசோதனை. அதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை. கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகமும் ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியும் சேர்ந்து ஒரு நாளை ஒதுக்கி, பட்டறைக்காரர்களையும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளையும் அழைத்தால் போதும். நண்பர் இதைச் சொன்னபோது அண்ணாச்சி, "நாள் மட்டும் சொல்லுல, கடையப் பூட்டிட்டு எல்லாரையும் கூட்டிட்டு வாரேன்" என்றார். பட்டறைகள் எங்கே இருக்கின்றன என்று அதிகாரிகளுக்குத் தெரியவில்லையென்றால், ஊரில் எந்த டிராக்டர்க்காரரைக் கேட்டாலும் வழி சொல்வார்.